நாற்பது பரங்கியர்

ஸைத்தூன் கோட்டையின் கீழே, படை முகாம்
ஹிஜ்ரி 584, ஷவ்வால் 18

அன்புள்ள லாத்தா ஆத்திகாவுக்கு, தம்பி பரகாத் ஸலாம் கூறி எழுதுவது. நீங்களும் மாமியும் உடல்நலத்தோடு இருக்க அல்லாஹ் அருள்வானாக.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். மச்சான் ஹிலால் மூன்று நாளைக்கு முன்பு, ஷவ்வால் 15 அன்று, போரில் ஷஹீதாகிவிட்டார். வடக்குக் கோபுரத்தைச் சாய்க்க அதன் அடியில் அவர் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். பரங்கியரும் கோட்டைக்குள்ளேயிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டி வந்தார்கள். இரண்டும் மண்ணுக்கடியில் முட்டிக்கொண்டன. நடந்ததை நான் எழுதிவரும் போர்ச் சரித்திரத்தில் சேர்த்துவிட்டேன். அதையே இங்கே தருகிறேன்:

‘நாற்பது பரங்கியர் தீப்பந்தம் ஏந்திப் பாய்ந்து வந்தனர். ஹலப் நகரத்து ஹிலால் தன்னந்தனியாக எதிர்த்து நின்றார். வலக்கையில் வாள் மின்ன எழுவரை வீழ்த்தினார். பிறகு அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கி, சுரங்கக் கூரையைத் தாங்கிய முட்டுக்கட்டைகளைத் தாமே வெட்டிச் சாய்த்து, பகைவர் அத்தனை பேரையும் தம்மோடு புதைத்தார். இதை எழுதுகிறவன் தன் கண்ணால் கண்டான்.’

மய்யித்தை மண்ணுக்குள்ளிருந்து எடுக்க முடியவில்லை, மழை விடாமல் பெய்கிறது. நம் ஊர் திமிஷ்கின் காஜியாருக்குச் சாட்சிப் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். ஒரு சாட்சி நான், மற்றவர் முகாமில் பாங்கு சொல்லும் ஷபீப். சட்டத்துக்கு இரண்டு பேர் போதும். அன்றைய தேதியிலிருந்து நாலு மாதம் பத்து நாள் விதவைக்கான இத்தா இருங்கள். ஸஃபர் 25இல் முடியும். பொறுமையாக இருங்கள்.

உங்கள் தம்பி,
பரகாத்


திமிஷ்கு, தூமா வாசல் தெரு
துல்கஅதா 6

தம்பி பரகாத்துக்கு, லாத்தாவின் ஸலாமும் துஆவும். உன் வயிற்றுக்கோளாறு மழைக்காலத்தில் திரும்ப வந்துவிடும். புளித்த மோர் குடிக்காதே.

காஜியார் பத்திரத்தை ஏற்றுக்கொண்டார். நான் இத்தாவில் உட்கார்ந்துவிட்டேன். நீ எழுதிய பக்கத்தைப் பெரிய பள்ளியில் படித்தார்களாம், ஆண்கள் தேம்பி அழுதார்களாம். மாமி, ‘என் மகன் நாற்பது பேரைக் கொண்டுபோனான்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நானும் அழுதேன். அழுது முடித்த பிறகு மறுபடி படித்தேன். வாப்பா நமக்குப் பழக்கிவிட்ட பழக்கம், என்ன செய்ய.

உன் மச்சானுக்கு இடக்கைப் பழக்கம். எங்கள் கல்யாண விருந்தில் அவர் இடக்கையால் ரொட்டியைப் பிய்க்கப்போக, வாப்பா கையைத் தட்டிவிட்டது உனக்கு நினைவில்லையா? அவர் வாள் வைத்திருந்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் போகட்டும். நாற்பது பேரும் அவரும் புதைந்த இடத்திலிருந்து நீ மட்டும் எப்படி வெளியே வந்தாய்? கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னாலே அழுகிறவன் நீ.

கோபிக்காதே. ஒன்றே ஒன்று சொல். குளிருக்கு நான் ஆட்டுத்தோல் தொப்பி தைத்துக் கொடுத்திருந்தேன். கறுப்பு நூல் தீர்ந்துபோய், காதுப்பக்கத்தில் நீல நூலால் ஒட்டுப் போட்டிருப்பேன். அன்றைக்கு அவர் அதைப் போட்டிருந்தாரா?

லாத்தா ஆத்திகா


முகாமிலிருந்து
துல்கஅதா 24

அன்புள்ள லாத்தாவுக்கு, தம்பியின் ஸலாம். உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது? மாமிக்கு இருமல் நின்றதா?

இங்கே மழையோ மழை. கூடாரத்துக்குள் ஓடை ஓடுகிறது. காகிதத்தை மாவுப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறேன். கோட்டைக்குள் பரங்கியர் குதிரையைத் தின்னத் தொடங்கிவிட்டதாகப் பேச்சு. சுல்தானின் தலைமை எழுத்தர் என் சரித்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். சுரங்கப் பகுதி மிக அருமை, இதுபோல் யாரும் எழுதியதில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அதைப் பிரதி எடுத்து எகிப்து வரைக்கும் அனுப்பியிருக்கிறார்களாம்.

நம் வீட்டுக் கூரையின் மேற்கு மூலை ஒழுகும். ஆள் வைத்துப் பூசச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய அத்திப்பழ வற்றல் வந்து சேர்ந்தது. பாதியை எழுத்தர்களே தின்றுவிட்டார்கள்.

உங்கள் தம்பி,
பரகாத்


திமிஷ்கு
துல்ஹஜ் 17

தம்பிக்கு, லாத்தாவின் ஸலாம். பெருநாள் கழிந்தது. நலம். கூரை பூசியாயிற்று.

இரண்டு வரியில் கேட்டதற்கு பக்கம் நிரம்பப் பதில் எழுதியிருக்கிறாய். கேட்டது மட்டும் அதில் இல்லை.

வாப்பா ஹதீஸ் வகுப்பு நடத்தும்போது நாம் இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே. யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: யார் பார்த்தது, பார்த்தவரிடம் யார் கேட்டது. கேட்டதைப் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரை, வகுப்பிலிருந்தே எழுப்பி அனுப்பினாரே.

உன் இரண்டாவது சாட்சி ஷபீப் பெருநாளுக்கு ஊர் வந்திருந்தார். மாமியைக் கூட வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மனுஷர் ஒளிக்கவில்லை. “நான் எங்கம்மா பார்த்தேன்? எனக்கு இருக்கிற தொந்திக்கு சுரங்கத்துல தலையே நுழையாது. உங்க தம்பி எழுதுனத படிச்சேன், உண்மையாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்” என்றார்.

ஆக, இரண்டு சாட்சி என்பது ஒரு சாட்சிதான். அந்த ஒன்றும் நீதான். நீ பார்த்தாயா, பரகாத்? ஆம் என்று எழுது, அல்லது இல்லை என்று எழுது.

ஆத்திகா


முகாமிலிருந்து
ஹிஜ்ரி 585, முஹர்ரம் 5

லாத்தாவுக்கு, ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

ஷபீப் வாயைத் திறந்தால் பாங்கு மட்டும்தான் ஒழுங்காக வரும். அவரை விடுங்கள். சுரங்க வேலைக்குத் தலைவர் தம்மாம் உஸ்தாதும் இதையே சொல்கிறார். நாற்பது பேர், ஏழு பேரை வீழ்த்தியது, முட்டுக்கட்டையை வெட்டியது, எல்லாம் வரிசை மாறாமல் சொன்னார். முகாமே சொல்கிறது.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் மவுத்தானதற்குச் சாட்சி இல்லையென்றால் அவர் காணாமல் போனவர். காணாமல் போனவரின் மனைவிக்கு நம் ஊர்க் காஜி என்ன தீர்ப்புச் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. தயவுசெய்து இதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

பரகாத்


திமிஷ்கு
முஹர்ரம் 27

தம்பிக்கு, ஸலாம். மாமிக்கு இருமல் குறைந்திருக்கிறது.

தம்மாம் உஸ்தாதுக்கு நானே எழுதிக் கேட்டேன். எழுதத் தெரிந்த யாரையோ வைத்துப் பதில் அனுப்பியிருக்கிறார். அன்று அவர் மலைக்கு அந்தப் பக்கம் முட்டுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமை முகாமில் உன் பக்கத்தைச் சத்தமாகப் படித்தபோதுதான் விவரமே தெரிந்ததாம். நீ எழுதியது அவர் காதுக்குப் போய், அவர் வாயால் உன்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அதைத்தான் நீ எனக்கு ஆதாரமாக அனுப்புகிறாய். வாப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீர்ப்பு எனக்குத் தெரியும். அவர் வயதுக்காரர்கள் எல்லாம் மவுத்தாகும் வரைக்கும் நான் அவர் மனைவி. அவருக்கு வயது முப்பத்தாறு. எனக்கு முப்பத்தொன்று.

உனக்குத் தெரியாததும் ஒன்று உண்டு. கண்ணாடி விளக்குக் கடை முஷர்ரஃபின் தங்கை மாமியிடம் வந்து பேசியிருக்கிறாள். மாமிக்கும் சம்மதம். இத்தா முடிந்ததும் ரபீவுல் அவ்வலில் நிக்காஹ் வைக்கலாம் என்கிறார்கள். மனைவியை இழந்தவர், அமைதியான மனுஷர். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. உன்னிடம் ஒளிப்பானேன், நன்றாகவே பிடித்திருக்கிறது. அதனால்தான் இத்தனை கேட்கிறேன். ஒரு வேளை உன் மச்சான் பரங்கியர் சிறையில் கல் சுமந்துகொண்டிருந்தால், நான் இன்னொருவர் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருக்க முடியுமா?

ஆத்திகா


திமிஷ்கு
ஸஃபர் 13

தம்பிக்கு, ஸலாம்.

தபால் இரண்டு தடவை வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? இத்தா முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

ஆத்திகா


முகாமிலிருந்து
ஸஃபர் 14

லாத்தா,

நான் பார்க்கவில்லை.

அன்று எனக்கு வயிற்றுப்போக்கு. கூடாரத்தில் சுருண்டு கிடந்தேன். தூரத்தில் பாரம் இறக்கியது போல ஒரு சத்தம் கேட்டது. சாயங்காலம் சுரங்கம் இடிந்துவிட்டது என்றார்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்று விசாரித்தபோது, மச்சான் மட்டும் திரும்பவில்லை என்றார்கள். மண்ணுக்குள் கிடக்கிறாரா, பரங்கியர் இழுத்துக்கொண்டு போனார்களா, யாருக்கும் தெரியவில்லை.

நீங்கள் காலம் பூராவும் நடுவில் தொங்கக் கூடாது என்றுதான் பொய் எழுதினேன் என்று இந்தக் கடிதத்தை முதலில் தொடங்கினேன். கிழித்துவிட்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. அந்த வாரம் எழுத ஒரு வெற்றியும் இல்லை. சரித்திரம் மழையும் சேறுமாக இருந்தது. அதற்காகத்தான் முதலில் எழுதினேன். வாக்கியம் நன்றாக வந்தது, நானே சத்தமாகப் படித்துப் பார்த்தேன். உங்கள் நினைப்பு மறுநாள்தான் வந்தது. வந்ததும், எழுதியது உங்களுக்கும் உதவும் என்று சாட்சிப் பத்திரமும் எழுதினேன்.

நாற்பது, ஏழு, வாள் எல்லாம் என் கையிலிருந்து வந்தவை. தம்மாம் அதையே என்னிடம் திருப்பிச் சொன்னபோது, ஒரு நிமிஷம் நானே நம்பினேன் லாத்தா. அது எனக்குப் பயமாக இருந்தது.

இதைக் காஜியாரிடம் காட்டாமல் அடுப்பில் போட்டுவிட்டு நிக்காஹ் செய்துகொள்ளுங்கள். குற்றம் என் தலையோடு போகட்டும்.

பரகாத்


திமிஷ்கு
ஸஃபர் 24

தம்பிக்கு, ஸலாம்.

அடுப்பில் போடவில்லை. மாமியை அழைத்துக்கொண்டு காஜியாரிடம் போனேன். படித்தார். படித்து முடித்ததும், “ஏம்மா, இன்னும் மூணு நாள்ல இத்தா முடியுது. இத கொண்டாந்து எங்கிட்ட எதுக்கு கொடுத்தீங்க?” என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். வாப்பா எழுப்பி அனுப்பிய அந்த மனுஷரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

தீர்ப்பு எழுதியாயிற்று. நான் ஹிலாலின் மனைவி. நிக்காஹ் இல்லை. பரகாத்தின் சாட்சியம் இனி எந்தச் சபையிலும் செல்லாது என்றும் அதில் இருக்கிறது. பெரிய பள்ளியில் உன் புத்தகத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். மாமி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. முஷர்ரஃபுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் ‘நல்லது’ என்று மட்டும் சொன்னாராம்.

உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீ நேரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மன்னிப்புக் கேட்டு எழுதாதே, எனக்கு வேண்டாம். அழகாக எதையும் எழுதாதே. போய்ப் பார். பார்த்துவிட்டு எழுது.

ஆத்திகா


ஸைத்தூன் கோட்டையிலிருந்து
ரபீவுல் அவ்வல் 26

லாத்தாவுக்கு, தம்பியின் ஸலாம். நீங்களும் மாமியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ரபீவுல் அவ்வல் 9 அன்று கோட்டை சரணடைந்தது. சண்டை ஒன்றும் இல்லை, உள்ளே உணவு தீர்ந்துபோனது. பரங்கியரை சூர் துறைமுகத்துக்குப் போக விட்டார்கள். ஒரே ஒருவன் போகவில்லை. பெயர் ஓதோ, அவர்கள் பக்கத்துச் சுரங்கக்காரன். அவனுடைய அண்ணன் மண்ணுக்குள் கிடக்கிறானாம், எடுக்காமல் போக மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவனிடம் கோட்டைப் பாதிரி விட்டுப்போன ஏடு ஒன்று இருந்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொன்னார். தேவதூதர்கள் வானத்திலிருந்து தீயை இறக்கி சுரங்கத்துக்குள் நாற்பது முஸ்லிம்களைக் கொன்றார்கள் என்று எழுதியிருக்கிறது. அங்கேயும் நாற்பதுதான். அந்தப் பாதிரியும் கண்ணால் கண்டேன் என்றே முடித்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மொழிபெயர்ப்பாளர் வழியாக ஓதோ சொன்னதைச் சொன்னதாகவே எழுதுகிறேன், அது நான் பார்த்ததல்ல. “நாங்க மூணு பேரு, அவன் ஒருத்தன். நடுச்சுவர் உடஞ்சதும் ரெண்டு பக்கமும் பயந்துட்டோம். அவன் அடிக்க வரல. கைய மேல காட்டிக் காட்டிக் கத்துனான். பாத்தா கூரை பிளந்து தண்ணி ஊத்துது. நான் ஓடிட்டேன். எங்க அண்ணனும் இன்னொருத்தனும் ஓடுறதுக்குள்ள விழுந்துடுச்சு.”

இனி எழுதுவது நான் பார்த்தது. பதினோரு நாள் தோண்டினோம், தம்மாம் உஸ்தாதும் அவர் ஆட்களும் ஓதோவும் நானும். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை, அதனால் கூடையில் மண் சுமந்தேன். நேற்று முன்தினம் உள்ளே இறங்கினேன். பயந்துகொண்டேதான் இறங்கினேன். மூன்று பேர் கிடந்தார்கள். இரண்டு பேர் பரங்கியர். மூன்றாவது ஆள் ஒரு முட்டுக்கட்டையின் கீழே முதுகு சாய்ந்து கிடந்தார். முகம் வைத்து அடையாளம் சொல்ல முடியாது. பக்கத்தில் வாள் இல்லை. ஓர் உளி கிடந்தது, இடது கைப்பக்கம். தலையில் ஆட்டுத்தோல் தொப்பி. காதுப்பக்கத்தில் நீல நூல்.

முட்டுக்கட்டையில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. நனைந்து முறிந்திருக்கிறது. மழைதான் காரணம் லாத்தா. வேறு ஒன்றும் இல்லை.

என் சாட்சி செல்லாது என்பதால் ஷபீபை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினோம். அவர் போட்ட சத்தத்தில் மேலே நின்றவர்கள் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று நினைத்தார்கள். ஆனால் இறங்கிப் பார்த்தார், ஏறி வந்து வெகுநேரம் அழுதார். அவரும் தம்மாமும் கண்டதைத் தனிப் பத்திரமாக எழுதிக் காஜியாருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் என் பெயர் இல்லை. இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும்.

மச்சானுக்கு ஜனாஸா தொழுகை நடத்தி, ஒலிவ மரங்களுக்குக் கீழே அடக்கினோம். ஓதோ அவன் அண்ணனை எதிர்ச்சரிவில் அடக்கினான். எங்கள் மண்வெட்டியைத்தான் வாங்கிக்கொண்டு போனான், கழுவித் திருப்பிக் கொடுத்தான். தொப்பியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

நான் பார்த்தேன் லாத்தா.

பரகாத்


திமிஷ்கு
ரபீவுல் ஆகிர் 11

தம்பி பரகாத்துக்கு, லாத்தாவின் ஸலாமும் துஆவும். மண் சுமந்த தோளுக்கு ஒலிவ எண்ணெய் காய்ச்சித் தடவு.

தொப்பி வந்தது. பெரிய பள்ளியில் உன் பக்கத்தைப் படித்ததைக் கேள்விப்பட்டு அழுததெல்லாம் அழுகையே இல்லை. நேற்றுத்தான் அழுதேன். மாமி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நீல நூலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். என்னோடு பேசத் தொடங்கிவிட்டார். நாற்பது பேர் கதையை விட்டுவிட்டார். இப்போது வருகிறவர்களிடம், “என் மவன் கைய காட்டுனதால ஒருத்தன் பொழச்சுப் போனான்” என்கிறார். அது ஓதோ சொன்னதுதான், நம் ஆட்கள் யாரும் பார்த்ததல்ல என்று ஒரு தடவை சொன்னேன். என்னை முறைத்தார். அதோடு விட்டுவிட்டேன்.

காஜியார் இரண்டு சாட்சியையும் தனித்தனியாக விசாரித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். இத்தா மவுத்தான நாளிலிருந்தே கணக்கு என்பதால் அது ஸஃபரிலேயே முடிந்துவிட்டது, இனி நான் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்றார். சரி என்று கேட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் இத்தனை நாள் நான் இருந்தது உன் வாக்கியத்துக்கு இருந்த இத்தா. என் மாப்பிள்ளைக்கு நேற்றிலிருந்துதான் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள். காஜியார் கேட்கவில்லை, நானாகவே.

ஊருக்கு வா. புத்தகத்தையும் கொண்டு வா. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, நீ கடைசியாக எழுதிய கடிதத்தில் உள்ளதை அப்படியே அங்கே சேர். பிரதி நான் எடுக்கிறேன். மழை என்று இருக்கும் இடத்தில் மழை என்றே இருக்கட்டும்.

முஷர்ரஃப் இன்று காலை தெருவில் நின்று மாமியிடம் பேசினார். நிக்காஹ் பேச்சு எதுவும் எடுக்கவில்லை. “கட இங்கேயேதான் இருக்கும்னு சொல்லுங்க. வருஷமானாலும் எடத்த மாத்துறதா இல்ல” என்றார், அவ்வளவுதான். யார் சொல்லி எனக்குத் தெரிந்தது என்று நீ கேட்க வேண்டாம். கதவுக்குப் பின்னால் நின்று என் காதால் கேட்டேன்.

உன் லாத்தா,
ஆத்திகா